நாச்சம்மாள் மறுநாளைக்கு ஆட்டிய மாவு

உலகம் அழியப்போகிற அன்றைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட வேண்டியிருந்தது நாச்சம்மாளுக்கு. அவர்கள் பஜனை பாடுவார்கள், அழுவார்கள், ஒருவரையொருவர் மன்னிப்பார்கள். டம்ளர் கழுவ மட்டும் ஒருத்தரும் எழுந்து வரமாட்டார்கள்.

மைசூரில் கே.ஜி.கொப்பலில், கன்னடக்காரி தேவம்மா வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் மிளகாய் தாளித்தால் இங்கே தும்மல் வரும். புருஷன் லிங்கப்பன் ரயில்வே பட்டறையில் பெயின்டர். பெட்டிகளில் நம்பர் எழுதுகிற வேலை. கொள்ளேகால் பக்கத்து ஜனங்கள். ஒரே பெண், ஸ்ரீதேவி. லிங்கப்பன் குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், பெண்டாட்டி மேல் கை நீட்டியதில்லை. உலகம் எப்போது அழியும் என்று தேதி சொல்வார். அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

ஒரு தடவை பலித்துவிட்டதால் வந்த பழக்கம் அது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகையில், சனிக்கிழமை பஜனை முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, "மார்கழி பொறக்கறதுக்குள்ள நம்ம சனத்துக்குப் பெரிய கஷ்டம் ஒண்ணு வருது" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் எப்போதுமே அப்படிப் பேசுகிறவர்; தனக்குப் பல்வலி வந்தால்கூட ஊருக்கே ஏதோ ஆகப்போகிறது என்பார். ஆனால் மார்கழிக்கு முன்பே காவிரித் தண்ணீர்க் கலவரம் வந்துவிட்டது. தமிழ் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்த நாட்கள். தேவம்மா எங்களையெல்லாம் தன் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்தாள். தெருவில் வந்து நின்ற பையன்களை, "இல்லி யாரூ இல்லா, ஹோக்ரோ!" என்று, இங்கே யாரும் இல்லை போங்கடா என்று விரட்டினாள். லிங்கப்பன் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில், சாணிக் குழிக்குள் முழங்கால் வரைக்கும் நின்றிருந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஜனங்கள், "லிங்கப்பண்ணன் முன்னாடியே சொன்னாருல்ல!" என்று வாயைப் பிளந்தார்கள். நாச்சம்மாள் அவர் வேட்டியைத் துவைகல்லில் அடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"கஷ்டம் வருதுன்னு சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்குச் சாணிக்குள்ள நிக்கப்போறோம்னு தெரியலீங்களே அக்கா. தெரிஞ்சிருந்தா பழைய வேட்டியக் கட்டிவுட்டிருப்பேன்."

அப்போதெல்லாம் அவளுக்கு வாய் உண்டு. சிரிப்பும் உண்டு.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கூட்டம் கூடியது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், பட்டறைக்காரர்கள். பயந்துபோன ஜனம். அடுத்த அடி எப்போது விழும் என்று யாராவது தேதி சொல்லிவிட்டால், மற்ற நாட்களில் பயப்படாமல் இருக்கலாம் என்று நினைத்தார்கள் போல. லிங்கப்பன் தேதி சொன்னார். தேவம்மாவின் காம்பவுண்டு சுவரில், பெட்டியில் நம்பர் எழுதுகிற அதே கையால், தமிழிலும் கன்னடத்திலும் சிவப்புப் பெயின்டில் எழுதினார். அடுத்த ஆடிப் பெருக்கன்று கண்ணம்பாடி அணை உடையும், மைசூர் முழுகும்.

தேவம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன்ப்பா லிங்கப்பா, உலகமே போவுதுன்னா என் கோடெ எதுக்கப்பா கெடுக்கறே? வெள்ளை அடிச்சு இன்னும் வருசம் ஆகலை."

"சுவரு மட்டும் நிக்கவா போவுது, தேவம்மா?"

"நின்னா நீயே சுண்ணாம்பு அடிக்கணும், ஆமா!"

அணை உடைந்தால் தண்ணீர் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம்தான் போகும், நாம் மேட்டில் இருக்கிறோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். என்னை நாத்திகப் பேச்சு பேசுகிறவள் என்றார்கள். ஆடிப் பெருக்குக்கு முதல் நாள் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு சாமுண்டி மலை ஏறினார்கள். மீதிப் பேர் லிங்கப்பன் வீட்டில் பஜனைக்கு உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம், பஜனைச் சத்தத்துக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல் கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாச்சம்மாள் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நாளைக்கு உலகமே இல்லைங்கறாரு உன் வீட்டுக்காரர். நீ இட்லிக்கு ஆட்டற?"

"இல்லாமப் போனா ஒரு படி அரிசி வீணு, அவ்வளவுதானுங்க்கா. இருந்துபோச்சுன்னா? விடிஞ்சதும் 'நாச்சா, பசிக்குது'ன்னு வந்து நிப்பாரு. எது நடக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்."

அப்படியேதான் நடந்தது. ஆடிப் பெருக்கு வந்தது, போனது. மறுநாள் காலையில் அவளுடைய இட்லியை ஆறேழு தின்றுவிட்டு லிங்கப்பன், "பஜனைதான் அணையப் புடிச்சு நிறுத்துச்சு" என்றார். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கும்பிட்டார்கள். அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் வேறு தேதி எழுதினார். அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் சாயங்காலம் ஆட்டுக்கல் சத்தம் கேட்கும். அது கேட்டால் போதும், நானும் அடுப்படி வேலையைப் பார்ப்பேன்.

இதை இப்படியே சொல்லிக்கொண்டு போனால் சிரிப்புக் கதையாக இருக்கும். பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, அதுதான் சங்கதி.

ஸ்ரீதேவி பி.யூ.சி. முடித்துவிட்டு ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்து ஆவணியில் சாமராஜநகரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பாலன், பஸ் மெக்கானிக். பெண்ணைப் பார்த்துவிட்டு, ஸ்ரீதேவி காப்பித் தட்டோடு உள்ளே போன பிறகும், அந்தப் பையன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் காரணமில்லாமல் என் கையைக் கிள்ளினாள். பையனின் அம்மா, தையில் கல்யாணம், இப்போதே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம் என்று தட்டை எடுத்து வைத்தாள்.

லிங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டார். சுவரில் அப்போது எழுதியிருந்தது, அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் வரப்போகிற சூரிய கிரகணத்தின் தேதி.

"தை மாசம்னு ஒண்ணு வராதுங்க. வராத மாசத்துக்கு நான் எப்படிங்க வெத்தலை பாக்கு மாத்தறது? பொய்த் தாம்பூலம் ஆயிருமே."

நாச்சம்மாளுக்கு மூளை வேகமாக ஓடும். "சரிங்க, அப்ப ஆவணி கடைசியிலயே வச்சுப்போடலாம். தீவாளிக்கு முன்னாடியே கல்யாணம் முடிஞ்சுரும். என்னங்க சம்பந்தி?" என்றாள். அந்த அம்மாளும் நல்ல மாதிரி. "வச்சா போச்சு, கோயில்லயே முடிச்சுடலாம்" என்றாள்.

லிங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் சாகப் போற நேரத்துல எம் புள்ளைய ஏன் கொண்டு போயி இன்னொரு வீட்டுல விடோணும்? எங்கூட இருக்கட்டும்."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் பெண்ணுக்குக் கல்யாணமாவது ஆகியிருக்கும். வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பாலன் செருப்பைப் போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். அவன் அம்மா கூப்பிட்டாள், போய்விட்டான்.

தீபாவளியன்று சாயங்காலமும் நாச்சம்மாள் மாவாட்டினாள். மறுநாள் காலையில் கிரகணம் பிடித்தது, விட்டது. வெயில் அடித்தது. இட்லி தின்றுவிட்டு லிங்கப்பன் சுண்ணாம்பு கரைத்தார். நாச்சம்மாள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, சாமராஜநகர் பஸ் ஏறினாள். பொழுது சாயத் திரும்பி வந்தாள். கையில் கொண்டுபோன பலகாரப் பை அப்படியே இருந்தது.

"வேற எடத்துல பேசிப்புட்டாங்களாமா. அந்தம்மா என்னைய உள்ளகூட வரச் சொல்லுலீங்க்கா. எங்கூட்டுப் பேய் அவங்கூட்டுக்கும் வந்துருமாம்."

ஸ்ரீதேவி கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் வழக்கம்போல் ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போனாள்.

அப்புறம் வந்த வரன்களெல்லாம் தெருமுனையோடு சரி. "அந்தச் செவுத்துல எழுதற வீடா?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோயில் விசேஷத்துக்குப் போனால் நாலு பேர், "இன்னும் ஆகலையா? எப்ப?" என்று கேட்பார்கள். ஸ்ரீதேவி எங்கேயும் போவதை நிறுத்தினாள். வேலைக்குப் போவதையும் நிறுத்தினாள். ஒரு சனிக்கிழமை பஜனையில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நல்ல குரல் அவளுக்கு. அவள் பாட ஆரம்பித்ததும் கூட்டம் இன்னும் அதிகமானது.

"ஏன் கண்ணு, நீயுமா? உனக்கென்ன கேடு?" என்று நாச்சம்மாள் கேட்டாள். நான் அப்போது முருங்கைக் கீரை உருவிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அங்க யாரும் எனக்கு எப்பக் கல்யாணம்னு கேக்கறதில்லம்மா" என்றாள் பெண்.

நாச்சம்மாள் விடவில்லை. அவள் போகாத தரகர் இல்லை. தொண்ணூற்றொன்பது ஆனி மாதத்தில் ஹனூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தாள். மனைவி இறந்தவர், மளிகைக் கடை, சின்னக் குழந்தை ஒன்று. வயது கூடத்தான். ஆனால் மரியாதையாகப் பேசினார். சுவரில் எழுதியிருந்ததை வாசலில் நின்று முழுதும் படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்குதுங்க" என்றுவிட்டு உள்ளே வந்தார். இப்போது வெற்றிலை பாக்கு, ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணம் என்றார்.

சுவரில் இருந்தது ஆகஸ்டு பதினொன்று. அதுவும் கிரகணம்தான். ஆவணிக்கு முன்னால்.

ஹனூர்க்காரர் வருவதற்கு முதல் நாள் முழுக்க நாச்சம்மாள் புருஷன் காலைப் பிடித்துக் கெஞ்சியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. "ஒரே ஒருக்கா மாத்துங்க. உலகம் போனாப் போவட்டும், தாம்பூலத்தையா வந்து கேக்கப் போறாங்க? நான் இதுவரைக்கும் உங்களுக்குக் குறுக்க ஒரு பேச்சு பேசியிருப்பனா?" லிங்கப்பனுக்கும் வயதாகிவிட்டது. பெண்ணைப் பார்க்கும்போது அவருக்கும் என்னவோ செய்திருக்க வேண்டும். வந்தவர் எதிரில் தட்டுக்குக் கையை நீட்டிவிட்டார். நிஜமாகவே நீட்டினார்.

ஸ்ரீதேவி உள்ளேயிருந்து வந்தாள். அலங்காரம் எதுவும் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் கையைத் தள்ளிவிட்டு, வந்தவரைப் பார்த்துச் சொன்னாள். "பதனொண்ணாந் தேதிக்கு அப்புறம் வாங்க. இருந்தாப் பாக்கலாம்."

லிங்கப்பன் பேசுகிற அதே நிதானம். கையைக் கூட அவர் மாதிரியே கட்டிக்கொண்டிருந்தாள். நாச்சம்மாள் மகளையே பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஹனூர்க்காரர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆகஸ்டு பதினொன்று வந்தது. காலையிலிருந்தே வீடு நிறையக் கூட்டம். சாயங்காலம்தான் கிரகணம், அதற்கு முன்னால் மாவை ஆட்டித் தர்ப்பைப் புல் போட்டு மூடி வைப்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் போனது. ஸ்ரீதேவி பாடுகிற சத்தம் கேட்டது, ஜால்ரா கேட்டது. ஆட்டுக்கல் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. உலகத்துக்காக இல்லை.

பின்பக்கமாகப் போனேன். நாச்சம்மாள் ஆட்டுக்கல் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் காய்ந்து கிடந்தது.

"அரிசி ஊறப்போடலையா நாச்சா?"

"இல்லீங்க்கா."

"மறந்துட்டியா?"

"மறக்குல." அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரே மேகம். "இந்தத் தடவையாவது வரட்டுமுங்க்கா. எத்தனை தடவை ஏமாத்தும்?"

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பைத்தியமாடி உனக்கு? நீயே இப்படிப் பேசினா?"

"அவரு சொல்றாரு, அவ பாடறா. எனக்கு மட்டும் என்னத்துக்கு நாளைக்கி?"

ஏதாவது சொல்லி வைத்திருக்கலாம்; பொய்யாக இருந்திருக்கும். மேகத்துக்குப் பின்னால் கிரகணம் பிடித்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. கொஞ்சம் சீக்கிரம் இருட்டிய மாதிரி இருந்தது. பிறகு சாதாரணமாக இருட்டியது. தேவம்மா வாசலில் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பால்காரர் சைக்கிள் மணி அடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லிங்கப்பன், "நாச்சா, பசிக்குது" என்றார். இன்னொரு தடவை சொன்னார். நான் என் வீட்டு இட்லியை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு போனேன். அவரும் பெண்ணும் தின்றார்கள். நாச்சம்மாள் தொடவில்லை. பன்னிரண்டாம் தேதி யாராவது வருவார்களா என்று அவள் கண் மட்டும் தெருமுனைக்குப் போய்ப் போய் வந்தது. ஹனூரிலிருந்து யாரும் வரவில்லை. வரச் சொன்ன அழகுக்கு யார் வருவார்கள்.

லிங்கப்பனுக்கு அதற்குள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால் சுண்ணாம்பை ஸ்ரீதேவிதான் அடித்தாள். காய்ந்த பிறகு சிவப்புப் பெயின்டை எடுத்துக்கொண்டு, ஒரு முக்காலி மேல் ஏறினாள். முக்காலி ஆடியது.

"அம்மா, வந்து புடிச்சுக்க" என்றாள்.

நாச்சம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மகள் எழுதி முடிக்கிற வரைக்கும் இரண்டு கையாலும் முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன தேதி என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.