பாதி அட்டை

ஏழாம் மாதத்தில் எனக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலையில் அடித்த களைக்கொல்லி என்றாள் ஒருத்தி. அம்மன் குறை என்றார் மாமியார். டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர்தான், இது ஈரல் செய்கிற வேலை, பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும் என்றார். இந்த நோய்க்கு ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்றும் கேட்டார்.

அவர் சிங்களத்தில் சொன்னதை, கூட நின்ற நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னார்.

"பாதிப் பேருக்கு மருந்து, மிச்சப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ஒங்களுக்கு எது வருதுன்னு எங்களுக்கே தெரியாது. வெளங்குதுங்களா?"

விளங்குகிறது என்று கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே விளங்கியது. தெரியாது என்று சொல்லிப் பிறகு நான் தப்பிக்க முடியாது.

வாரம் ஒருமுறை என்னை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி வேன் லயத்து வாசலுக்கே வரும். கங்காணி முதல் கோழி வரை வேடிக்கை பார்க்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பு டாக்டர்மார் என்னைத்தான் தேடிப் பிடித்தார்கள் என்று மலையில் கதை அளந்தேன்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள் என் கொழுந்தனின் மனைவி. அவளும் ஏறக்குறைய என் மாசம்தான். ஒருநாள் கொழுந்து பறிக்கையில் கூடைக் கயிற்றில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் அரிக்குதுக்கா. நானும் அந்த வேன்ல வரவா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வேனில் இவளா?

"எதுக்கு? ரத்தமா எடுத்துத் தள்ளுவாங்க. என் மாத்திரையில பாதிய எடுத்துக்க. நல்ல மருந்து."

லயத்தில் மாத்திரையைப் பங்கு போடுவது புதிதல்ல. ஒரு வீட்டுக் காய்ச்சலுக்கு வந்த அட்டை மூன்று வீடு சுற்றித்தான் தீரும். வாராவாரம் பாதி அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தேன். தோட்டத்துக் கர்ப்பிணி கிளினிக்கில் அரிப்பைப் பற்றி மூச்சு விடாதே, என் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள் என்றும் மிரட்டி வைத்தேன். எல்லாம் குடித்தீர்களா என்று மிஸ்ஸி கேட்டால், அவள் திருப்பித் தந்த பாதியையும் சேர்த்து வெறும் அட்டையை நீட்டி ஆமாம் என்பேன்.

இரண்டாம் வாரமே அரிப்புக் குறைந்துவிட்டது என்றாள் அவள். எனக்குக் குறையவே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

என் இரத்தம் மோசமாவதைப் பார்த்த டாக்டர்மார், நாள் கடத்தாமல் வலி வரவைத்தார்கள். மகள் பிறந்து வீறிட்டாள். நான் வீடு வந்த மறுவாரம், பிள்ளை அசையவில்லை என்று கொழுந்தன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பிறந்தது ஆண் பிள்ளை. உயிர் இல்லை என்பதைத் தவிர அவனிடம் ஒரு குறையும் இல்லை.

பல மாதம் கழித்து மிஸ்ஸி போன் பண்ணி, எனக்கு வந்தது மாவு மாத்திரை என்றார். உதவியதற்கு நன்றியும் சொன்னார்.

மனசு கேட்கவில்லை, அவளிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவள் என் மகளை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல மருந்து இல்லாம இருக்கலாம்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றேன்.

அவள் கை நின்றது. பிள்ளையைத் துவாயில் சுற்றி என் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இனிமே இவள என் கையில விடாதீங்க."