பாய் கடைக்கு ஒரு விருந்து

ஏற்காட்டில் கடை மூடுவது ஒன்றும் புதிதில்லை. ஏரிக்கரையில் நன்றாக பஜ்ஜி போடும் கடை ஒன்று இருந்தது. இப்போது அங்கே சாக்லேட் விற்கிறார்கள். இட்லிக்கு நான் நம்பியிருந்த மெஸ் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. இரண்டு நாள் திட்டிவிட்டு, போனால் போகிறது என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவேன். நாக்குக்கு விசுவாசம் ஏது?

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பாய் கடையை மட்டும் அப்படி விட முடியவில்லை. டவுனில் ஒரு எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை, வீடு நாகலூரில். வீட்டில் நான் ஒருத்திதான். ஆபீஸ் விட்டதும் அங்கே கல்தோசையும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பாய் கல்லாவில் இருப்பார். அவர் வீட்டம்மா உள்ளே தோசை ஊற்றுவார்; நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். என் குரல் கேட்டதும், “வந்துட்டியா கண்ணு?” என்பார். என்னை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கட்டடக்காரர் இடத்தை விற்றுவிட்டார்.

“சேலத்துக்கே போறமுங்க. பையன் ஊட்டுல இருந்துக்கறோம். எங்களுக்கும் முன்ன மாதிரி முடியலைங்க” என்றார் பாய்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உறவுக்காரர் என்றால் கல்யாணம் காதுகுத்து என்று எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் கடையை மூடிவிட்டால் போய்ப் பார்க்க என்ன சாக்கு இருக்கிறது?

ஊரைவிட்டுப் போகிறவர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளாளுக்கு அவர்களை அழைத்தார்கள். நானும் வீறாப்பாக, “ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க ஊட்டுலதாங்க” என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வெந்நீரைத் தவிர எனக்கு எதுவும் ஒழுங்காக வைக்க வராது. வாங்கி வைக்கலாமென்றால், நான் வாங்கும் கடையே அவர்களுடையதுதான்!

ஞாயிற்றுக்கிழமை சோறு குழைந்தது. சாம்பார் தண்ணீராக ஓடியது. பீன்ஸ் பொரியல் அடிப்பிடித்தது. இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். அம்மாவின் கையில் ஓர் அடுக்குக் கேரியர், நிறைய.

“விருந்துக்கு வர்றவங்க சோத்தக் கட்டிட்டு வருவாங்களாம்மா?” என்று எகிறினேன்.

“கோவிச்சுக்காத கண்ணு. உன்ற சமையலப் பத்தி நீயே சொல்லிருக்கியே” என்றார் அம்மா.

கேரியரைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, என் சமையலைத்தான் பரிமாறினேன். பாய் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, “ஏனுங்க, சாம்பார்ல உப்புப் பத்தலைங்களே” என்றார். காலமெல்லாம் பிறர் சொல்லக் கேட்டதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அம்மா மறுசோறு வாங்கிக்கொண்டார். பசியா, தாட்சண்யமா என்று நான் ஆராயவில்லை.

கிளம்பும்போது கேரியரை விட்டுவிட்டே போனார். “நீயே சேலத்துக்குக் கொண்டாந்து குடு கண்ணு. வெறுங்கேரியராக் கொண்டாரக் கூடாது, தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. அதிலிருந்ததை அன்று சாயங்காலமே தீர்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு மலை இறங்கினேன். என் சாதத்தை நம்பி வயிற்றைக் காயப்போட மனமில்லாமல், சேலம் பஸ் ஸ்டாண்டில் தொண்டை வரைக்கும் பரோட்டா தின்றுவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அம்மா டிவி முன்னால் நாற்காலியில் இருந்தார். மருமகள் நல்ல பெண். “நீங்க உக்காருங்க மாமி” என்று சொல்லிச் சொல்லியே அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. எனக்கு டீ கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள்.

அவள் போனதும் அம்மா கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “குறை சொல்லக் கூடாது கண்ணு. நொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க. உக்கார வெச்சே சோறு போடறாங்க. ஆனா ஒருத்தரும் எங்கிட்ட வந்து பசிக்குதுன்னு சொல்றதில்ல.”

தின்ற பரோட்டா இன்னும் இறங்கவில்லை.

“எனக்கு நொம்பப் பசிக்குதுங்கம்மா” என்றேன். “தோசை ஊத்தித் தர்றீங்களா?”

எழுந்த வேகத்தில் அவருடைய நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து மாவை எடுத்தபடியே, “எத்தன ஊத்தட்டும்?” என்று கேட்டார்.

“நான் போதும்ங்கற வரைக்கும் ஊத்துங்க” என்றேன்.