கோபர் கேஸை அணைத்த கை

மலையாள ஊரான வித்துராவில் ரப்பர் தோட்டம் வாங்கிக் குடிவந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். மண்சட்டி வாங்கு, சிரட்டை அகப்பை வாங்கு, பிளாஸ்டிக்கைத் தூக்கிப்போடு என்றார்கள். வாங்கினேன். மண்சட்டியில் வைத்த புளிக்குழம்பு மறுநாளும் கெடவில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத பொருள் ஒன்றுதான். கோபர் கேஸ் அடுப்பு.

தொழுவத்துக்குப் பின்னால் ஃபைபர் தொட்டி. சாணத்தைக் கரைத்து ஊற்றினால் அடுக்களையில் நீலத் தீ எரியும். முன்பு நகரத்தில், தம்பானூர் வாடகை வீட்டில் சிலிண்டர்காரனுக்காக வாசலில் காவல் கிடந்தவள் நான். இனி எவனுக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

மழை நின்று ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தொடங்கிய சமயம் தீ சுருங்கியது. பிறகு ஒருநாள் பற்றவே இல்லை.

"தொட்டியைக் கொடுத்திரலாம். பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டுட்டே இருக்காரு. சிலிண்டர் போட்டுக்கலாம்" என்றார் என் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆளிடம் ஏற்கெனவே ஒரு தொட்டி இருக்கிறது. மாடு கூடிவிட்டதால் இன்னொன்று வேண்டுமாம். நம்முடையது கெட்டால் அவருக்குத்தானே லாபம்? வேலியோரம் நின்று, "எந்தா சேச்சி, கேஸ் சரியாச்சா?" என்று தினமும் கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு அக்கறை எதற்கு? கெடுப்பதற்காக ராத்திரியில் வந்து நம் தொட்டியில் ஃபினாயிலை ஊற்றுகிறாரோ என்று நினைத்தேன்.

"நீ யாரைத்தான் நம்புவே?" என்றார் கணவர்.

"யாரையும் இல்ல. உங்களையும் சேர்த்துத்தான்."

மறுநாள் விடிந்ததும், கையும் களவுமாகப் பிடிக்க, தொழுவத்து மூலையில் போய் நின்றேன். தொட்டிப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தது. பார்த்தால், வாளியோடு வருகிறார் என் கணவர். வாளியில், ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்த டிரேக்களின் தண்ணீர். அதை அப்படியே சாணத்தொட்டியில் சாய்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி வேஸ்டாப் போகுதுல்ல. சாணம் கரைக்க இதையே எடுத்துக்கிட்டேன்."

புளிப்பு எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது என்று தொட்டியைப் பொருத்திக் கொடுத்த ஆள் தலைபாடாய் அடித்துக்கொண்டது இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது. எலுமிச்சைத் தோலைக்கூட நான் போடவில்லை. இவர் சிக்கனம் என்று ஆசிட்டையே ஊற்றியிருக்கிறார்.

"அந்த ஆசிட்ல பாலே கட்டியாகுது. தொட்டிக்குள்ள கேஸ் உண்டாக்கற நுண்ணுயிரு தாங்குமா? மூளையை எங்க வெச்சீங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். 

தொட்டியைப் பாதி இறைத்து, வேலை செய்யும் இன்னொரு தொட்டியின் கரைசலை ஊற்றினால்தான் திரும்ப உயிர்வரும். அது இருப்பது பக்கத்துத் தோட்டத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

பக்கத்துத் தோட்டக்காரரே கரைசலைச் சுமந்து வந்தார். "சேச்சிக்கு என்மேலதானே சம்சயம்?"

"சந்தேகம் இப்பவும் இருக்கு."

ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ தொட்டி தரமாட்டீங்க?"

"மாட்டேன்."

அவர் போன பிறகு கரைசலை மோந்து பார்த்தேன். சாண வாடைதான். ஊற்றினேன்.

தீ உடனே வரவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு காலையில் பிடித்தது, சின்னதாக, நீலமாக. காபி போட்டு முதல் டம்ளரை நானே குடித்தேன். இப்போது என் கணவர் டிரே கழுவும்போது நானும் பக்கத்தில் காவல் நிற்கிறேன்.