கெளுத்தி முள்ளும் மூன்று நாள் பயிற்சியும்: ஒரு மருத்துவ நூலகரின் புதுச்சேரிப் பயணம்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இருபத்தொரு வருடம் ஆகிறது. மருத்துவ நூலகர்களுக்கென்று பயிற்சிகள் நடக்கின்றன என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு விடுப்பு கிடைக்காது. கடந்த பிப்ரவரியில் புதுச்சேரியில் மூன்று நாள் பயிலரங்கு ஒன்று நடக்கப்போவதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் முறையாகத் தேடுவது எப்படி என்பதுதான் பாடம். கட்டணம் 2,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கல்லூரித் துணை முதல்வர் அறைக்குப் போனேன்.

"புஸ்தகமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயாச்சு. இனிமே நீங்க போய் என்ன கத்துக்கப் போறீங்க?" என்று கேட்டார். கேலியாக அல்ல, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் கூடுதலாக உறைத்தது. அடுத்த ஆண்டு முதல் நூலகத்துக்கு ஒரு கிளார்க் போதும் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபடுவதும் அந்த வாரம்தான் என் காதுக்கு வந்திருந்தது. "கத்துக்கிட்டு வந்து டாக்டர்களுக்கே செஞ்சு காட்டுறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை. மூன்று நாள் பணி விடுப்பு கிடைத்தது. கட்டணம் கைக்காசு.

ஞாயிறு காலை 6.55க்குத் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினேன். முன்பதிவு செய்த உட்காரும் இருக்கை, 105 ரூபாய். 9.25க்கு விழுப்புரம். அங்கிருந்து புதுச்சேரிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்து நிலையம் போகும் ஆட்டோவுக்கு 60, பேருந்துக்கு 35. ரெட்டியார்பாளையம் வரை வண்டி பறந்தது. அதன்பிறகு நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள். பக்கத்து இருக்கைக்காரர், "ஞாயித்துக்கெழமன்னா இப்டித்தான். சென்ன வண்டி, பெங்களூரு வண்டி எல்லாம் இங்கதான் நிக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். ஆகவே படிப்பவர்கள் கவனிக்க: முடிந்தால் ஞாயிறன்று போகாதீர்கள்.

முதலியார்பேட்டையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். ஓர் இரவுக்கு 950. கடற்கரைக்குப் பக்கத்தில் இதே பணத்துக்குக் கட்டில் கிடைக்கும், கதவு கிடைக்குமா என்பது சந்தேகம். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒன்றரை கிலோமீட்டர், நடுச்சாலையிலேயே நடந்தேன். இப்படித் தனியாக வெளியூர் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. வறுத்த கடலை வாங்கி ஒருவருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றேன்.

பயிலரங்கு நடந்தது உழவர்கரைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில். லாட்ஜிலிருந்து ஐந்து கிலோமீட்டர். முதல் நாள் ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன். மறுநாள் முதல் பேருந்து மாறிப் போனேன், 20 ரூபாயில் முடிந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். பாடம் நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த சுகன்யா என்ற நூலகர். வந்ததும் முதல் கேள்வியாக, "டாக்டர் கேக்குறதை அப்படியே தேடுறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினோம். "அதை நிறுத்தத்தான் இந்த மூணு நாள்."

அந்த நாள் முழுக்க ஒரு கேள்வியைக் கூறு போடக் கற்றோம். நோயாளி யார், என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிடுகிறோம், என்ன பலன் எதிர்பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கட்டுரைத் தொகுப்புகளில் எந்தப் பொருள் தலைப்பு, அதாவது ஒரே விஷயம் பற்றிய கட்டுரைகளுக்கெல்லாம் போடும் பொதுப் பெயர், இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 'நெஞ்செரிச்சல்' என்று நாம் தேடினால், வேறு பெயரில் எழுதப்பட்ட நல்ல கட்டுரை நம் கண்ணிலேயே படாது. தேடிய ஒவ்வொரு வரியையும் எழுதி வைக்கவேண்டும், இன்னொருவர் அதே வழியில் வந்து சரிபார்க்கும்படி. இருபத்தொரு வருடமாக நான் செய்தது தேடல் இல்லை, துழாவல் என்று புரிந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கென்னவோ சந்தோஷம்தான் வந்தது. கற்க இன்னும் இருக்கிறது என்பது இந்த வயதில் நல்ல செய்தி.

இரண்டாம் நாள் மதியம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். அந்த மருத்துவமனையின் மருத்துவர்கள் நிஜக் கேள்விகளோடு வருவார்கள், மறுநாள் 11.30க்குள் பதில் தேடி அவர்கள் முன்னால் காட்டவேண்டும். எனக்குத் துணையாக வந்தவர் அந்துவான். ஊரிலேயே ஒரு செவிலியர் கல்லூரி நூலகர், ஐம்பத்தேழு வயது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். மகன் பிரான்சில். இரண்டு நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்ளோ வராது மேடம். நான் ஒங்களுக்கு பாரமா இருப்பேன்" என்றார். "நம்ம ரெண்டு பேரும் சேந்து பாரமா இருப்போம் சார்" என்றேன்.

எங்களிடம் வந்தவர் அவசரப் பிரிவு மருத்துவர் நிவேதிதா. கோயம்புத்தூர்க்காரர். இங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான்.

"கெளுத்தி முள்ளு குத்திடுச்சுன்னு மீனவங்க வர்றாங்க மேடம். வலின்னா அப்படி ஒரு வலி. போன வாரம் ஒருத்தர் வந்தாருங்க, வீட்டுல கொதிக்கிற தண்ணிய கால்ல ஊத்திட்டாங்க. முள்ளு குத்துனது ஒரு புள்ளி, வெந்தது பாதம் பூரா. சுடுதண்ணி வைக்கறதே தப்பா, இல்ல அதுல ஏதாச்சும் உண்மை இருக்குதா? வைக்காதீங்கன்னு சொல்லணுமா, இப்படி வைங்கன்னு சொல்லணுமா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"எந்தக் கெளுத்தி டாக்டர்?" என்று அந்துவான் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கெளுத்திக்கு மேல இருக்குதுங்களா?" என்றார் அவர்.

மாலை ஐந்தரை வரை தேடினோம். பொதுவாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்தது, பாதிக்கு மேல் கெளுத்தி வளர்ப்புக் குட்டை பற்றி. குறுக்கினால் ஒன்றுமே வரவில்லை. மீனின் அறிவியல் பெயர் இல்லாமல் நகரமுடியாது என்று தெரிந்தது. கணினியை மூடிவிட்டு அந்துவான் சொன்னார்: "காலையில ஆறரைக்குப் பெரிய மார்க்கெட்டுக்கு வந்துடுங்க. மீனப் பத்தி மீன் விக்கறவங்களதான் கேக்கணும்."

புதன் காலை 6.30. மீன் வாங்காமல் மீன் கடையில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றுதான் தெரிந்தது. செல்வி என்ற நாற்பது வயதுப் பெண்ணின் கடையில் கெளுத்தி கிடந்தது.

"இன்னா வேணும்? கொழம்புக்கா?" என்றார்.

"இல்லம்மா. இதுல முள்ளு குத்துனா ரொம்ப வலிக்கறது எது?" என்றேன்.

அவர் என்னையும் அந்துவானையும் மாறி மாறிப் பார்த்தார். "குத்திக்கப் போறீங்களா?"

பக்கத்துக் கடைகளிலெல்லாம் சிரிப்பு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடையைக் கிளறினார். "தோ, இது சாதாக் கெளுத்தி. இதுவும் வலிக்கும், தாங்கிக்கலாம். இது பாரு, வாலு பாம்பு மாதிரி போவுது. இருங்கெளுத்தி. இது குத்துச்சுன்னா ஆம்பளயே அழுதுடுவான். எங்க வூட்டுக்காரரு அழுதாரு. முள்ள ஒடிச்சுட்டுதான் கூடையிலயே போடுவோம்."

"குத்துனா சுடுதண்ணி வைப்பீங்களா?"

"வெப்போம். ஆனா குத்துப்படாத கால மொதல்ல வுட்டுப் பாக்கணும். அது தாங்குனாதான் குத்துப்பட்ட காலு. வலியில இருக்குற காலுக்கு சூடு தெரியாது, வெந்து பூடும்."

இரண்டு மீனையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். சும்மா வர மனமில்லாமல் அரைக் கிலோ சாதாக் கெளுத்தி வாங்கினேன், 120 ரூபாய். லாட்ஜில் இருக்கிறவள் அதை வைத்து என்ன செய்வது? அந்துவான் பையோடு வாங்கித் தன் வீட்டில் கொடுத்துவிட்டு எட்டரைக்குப் பயிற்சிக்கூடத்துக்கு வந்துவிட்டார். கையில் நீள ரொட்டி ஒன்று, எனக்குக் காலைச் சாப்பாடாம்.

மீன்களைப் பட்டியலிடும் இணையதளம் ஒன்றில் படங்களை ஒப்பிட்டுப் பெயரைப் பிடித்தோம். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் சில கட்டுரைகள் வந்தன. உருப்படியானவை மூன்றோ நான்கோ. மணி 9.50. நான் சோர்ந்துபோனேன். அந்துவான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், அந்த ஓரத்துல ஒரு டிக்கு வெச்சிருக்கீங்களே, அது இன்னாது?"

"ஆங்கிலக் கட்டுரை மட்டும் காட்டச் சொல்றது சார். எப்பவும் போடுறதுதான். வேற பாஷையில வந்தா படிக்க யாரு இருக்கா?"

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு, "நான் இருக்கேனே" என்றார்.

டிக்கை எடுத்தேன். பட்டியல் நீண்டது. வந்ததில் ஐந்து பிரெஞ்சில் இருந்தன. பிரெஞ்சு பேசும் தீவுகளில் மீன் முள் குத்தியவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் எழுதியவை. நமக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள், கடலும் பிரெஞ்சும் சேர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு! அந்துவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் வராது என்ற மனிதர் ஒவ்வொரு பத்தியையும் நின்று நிதானமாகத் தமிழில் சொன்னார், நான் எழுதினேன். ஒரு கட்டுரையின் நடுவில் திரையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இன்னா சொல்றாங்க தெரியுமா? அடிபடாத காலையோ கையையோ மொதல்ல தண்ணியில வுட்டு சூடு பாக்கணும்னு போட்டிருக்கான். செல்வி சொன்னது அப்டியே இருக்குது." கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் மேடம். இந்த வேலையில என் பிரெஞ்சு ஒரு நாளு ஒதவுனதில்ல."

11.30க்குத் தொடங்கினார்கள், எங்கள் முறை பன்னிரண்டே காலுக்குத்தான் வந்தது. தேடிய வழியை வரிவரியாகக் காட்டினேன். நல்ல ஆய்வுகள் அதிகம் இல்லை, இருப்பவை சுடுநீர் வலியைக் குறைக்கிறது என்றே சொல்கின்றன, நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டக்கூடாது என்கின்றன, முள் உள்ளே தங்கியிருந்தால் தண்ணீர் மட்டும் போதாது என்கின்றன. இதை வைத்து என்ன செய்வதென்று தீர்மானிக்கவேண்டியவர் மருத்துவர் என்று முடித்தேன். பின்வரிசையில் ஒரு மூத்த மருத்துவர், "இதெல்லாம் கூகுள்லயே கிடைக்காதாம்மா?" என்றார்.

"கிடைக்கும் சார். எதையெல்லாம் விட்டுட்டோம்னு அது சொல்லாது. நாங்க எதை விட்டோம், ஏன் விட்டோம்னு இந்தத் தாள்ல இருக்கு."

அவர் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இந்தப் பிரெஞ்சு யாரு பாத்தது?" என்றார். அந்துவான் எழுந்து நின்றார், வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாணவனைப்போல. அவருக்குக் கிடைத்த கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. எனக்குத் துளியும் பொறாமை இல்லை என்றால் பொய். ஒரு துளி இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் நிவேதிதா ஓடிவந்தார். அவசரப் பிரிவு வாசலில் ஒட்டத் தமிழில் ஓர் அறிவிப்பு வேண்டுமாம். 'மிதமான வெந்நீரில் அமிழ்த்தவும்' என்று தொடங்கியிருந்தார். "அமிழ்த்தவும்னா எங்க ஊருல யாருக்குப் புரியும் டாக்டர்?" என்றார் அந்துவான். செல்வி சொன்ன சொற்களிலேயே மூவரும் உட்கார்ந்து எழுதினோம். கீழே, உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்ற வரியை நிவேதிதா பெரிய எழுத்தில் சேர்த்தார்.

அன்று மாலை 5.15க்குப் பேருந்து, விழுப்புரத்தில் ரயில், வீடு சேரும்போது பத்தரை. இரண்டு வாரம் கழித்து எங்கள் கல்லூரியில் மருத்துவர்கள் பதினெட்டு பேர் முன்னால் செய்து காட்டினேன். துணை முதல்வர் முன்வரிசையில் இருந்தார். கிளார்க் பேச்சு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் புதன்கிழமைகளில் மூன்று மணிக்கு முதுகலை மாணவர்கள் கேள்வியோடு வருகிறார்கள். போன மாதம் துணை முதல்வரே ஒரு கேள்வி அனுப்பினார், 'அவசரம்' என்று மேலே எழுதி. அந்த ஒரு சொல்லை நான் பத்து தடவை படித்திருப்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பயணம், தங்கல், சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரத்துக்குள் முடிந்தது. அறிவிப்புகள் பெரும்பாலும் நூலகர் குழுக்களில்தான் வரும், சேராதவர்கள் சேருங்கள். விண்ணப்பத்தோடு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் விடுப்பு கிடைப்பது சுலபம். மடிக்கணினி கட்டாயம், சார்ஜரை மறக்காதீர்கள் (நான் மறந்தேன், அந்துவான் கொடுத்தார்). உங்கள் மருத்துவமனையில் யாரேனும் கேட்ட நிஜக் கேள்வி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மொழி டிக்கை எடுத்துவிடுங்கள். கூட உட்காருபவருக்கு என்னென்ன தெரியும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

வரும் மாதம் எங்கள் நூலகத்தில், பக்கத்துச் செவிலியர் கல்லூரி நூலகர்களுக்காக ஒரு நாள் பயிற்சி நடத்துகிறேன். பாடம் நடத்தப்போவது நான்தான், இன்னும் நம்பமுடியவில்லை. பத்து இடம் வைத்தேன். முதல் பெயர் புதுச்சேரியிலிருந்து வந்தது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: "திருச்சியில எங்க தங்கறது மேடம்? நல்ல மீன் கெடைக்குமா?"

"எங்க வீட்டுலயே தங்கலாம் சார். ஆத்து மீன்தான், முள்ளு அதிகம்" என்று பதில் போட்டேன்.