கொக்கிக்கு மேல் ஒரு கட்டு

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். போர்வெல் லாரி, திருப்பூர், கேரளாவில் மரம் ஏற்றுவது என்று அலைந்து, ஒன்றும் நிலைக்காமல் குன்னத்துக்குத் திரும்பியிருந்தேன். அப்போது அரியலூர்ப் பக்கம், கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் பத்து நாள் வேலை கிடைத்தது.

சென்னையிலிருந்து வந்த மேடம் ஒருவர், கடலடியில் வைக்கும் நிலநடுக்கக் கருவியைச் செய்திருந்தார். நான்கு வருட உழைப்பு. இருப்பது ஒன்றே ஒன்று. மழைத்தண்ணீர் தேங்கிய அந்த ஆழக் குழியில் அது தேறினால்தான் மாதக் கடைசியில் கிளம்பும் கப்பலில் இடம்.

கருவி தடித்த கண்ணாடி உருண்டைக்குள் இருந்தது. அடியில் மாட்டிய இரும்பு எடை அதை மூழ்கடிக்கும். மேலிருந்து ஒலி அனுப்பினால் கொக்கி திறந்து, எடை கீழேயே தங்க, உருண்டை மட்டும் மிதந்து வர வேண்டும்.

முதல் மூன்று நாளும் தொல்லைதான். சேற்றில் கருவி சாய்ந்தது. பக்கத்துக் குழியில் வைக்கும் வெடியின் அதிர்வைப் பதிவு செய்தால், ரோட்டில் போகும் லாரிகளின் அதிர்வும் கலந்து வந்தது. கிரேன் ஓட்டிய ஜெயங்கொண்டத்துக்காரர் சிரித்தார்.

"பூமி ஆடுறதப் பாக்க இவ்ளோ பாடாம்மா? எங்கூரு டவுன் பஸ்ல ஒரு தடவ ஏறிப் பாருங்க!"

"அடுத்த சோதனை அதுலதாண்ணே" என்றார் மேடம்.

அதுவரை கருவியைக் கயிற்றால்தான் தூக்கினோம்; கொக்கி திறந்து நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் இறக்கும் முன் கொக்கியைப் பார்த்தேன். விரல் பருமன்தான். எங்கள் ஊரில் மக்காச்சோள மூட்டை ஏற்றினால் ஒரே கயிற்றை நம்பி டிராக்டரைக் கிளப்ப மாட்டோம். அது அறுந்தால் தாங்க இன்னொன்று போடுவோம். யாரையும் கேட்காமல், எடையையும் உருண்டையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கினேன்.

மதியம் மேடம் ஒலி அனுப்பினார். உருண்டை வரவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினார். சாயங்காலம் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கடைசியில் பாதுகாப்புக்காக மாட்டியிருந்த நீளக் கயிற்றைக் கிரேனால் இழுத்தோம். வரும் வழியில் உருண்டை பாறை விளிம்பில் மோதியது. மேலே வந்தபோது கண்ணாடியில் விரிசல், உள்ளே தண்ணீர்.

"இது யார் கட்டுனது?" என்று நைலான் கயிற்றைக் காட்டினார் மேடம்.

"நாந்தாங்க. அந்து வுழுந்துடும்னு..."

"அடப்பாவி! அது வுழுவுறதுக்குத்தான்யா மாட்டியிருக்கு!" என்று கத்தினார் கிரேன்காரர்.

மேடம் அவிழ்க்கச் சொன்னார். நனைந்த முடிச்சு அசையவில்லை. அறுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த சட்டத்திலிருந்து எடை தொப்பென்று பாறையில் விழுந்தது. அதுவரை அதைத் தாங்கியது என் கயிறுதான்.

மேடம் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"தொறந்திருக்குண்ணே. மொத தடவையே தொறந்திருக்கும்."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இருட்டியதும் என்னைப் பார்த்து, "கடைசி பஸ் போயிடப் போவுது, கெளம்புங்கண்ணே" என்றார். பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. குன்னம் வரை நின்றுகொண்டே போனேன்.