எண்ணாமல் விட்ட தலை

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெர்னா டோலெஃப்சன் கண்ணை மூடுவதுபோல் மூடிக்கொண்டு, இமையிடுக்கு வழியாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் ஓசையில்லாமல் தட்டுகிறது. கல்யாணம், சாவு, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து ஆட்டம், பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, எங்கே போனாலும் உட்கார்ந்ததும் முதல் வேலை இதுதான். எண்ணி முடிக்கும்வரை அவர் காதில் எதுவும் ஏறாது.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தின் வடகோடியில், ஜனவரிக் குளிரில், தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் முப்பத்தேழு தலையும் தெரிந்தால்தான் வண்டி நகரும். ஒன்று குறைந்தாலும் போச்சு. கையுறையைத் தேடிக்கொண்டு வகுப்பறையிலேயே நின்றுவிட்ட பிள்ளைக்காகப் பத்து நிமிஷம் எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பார். பின்னால் நிற்கும் பால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கியரில் கை வைப்பார். இன்றைக்கு முப்பது நாற்பது வயதிலிருக்கும் பாதி ஊர் அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்ததுதான்.

வயது அறுபத்தெட்டு. குள்ளமான உடம்பு, கனத்த குரல். காலமாகிவிட்ட கணவரின் கட்டம்போட்ட சட்டைகளைத்தான் இன்னமும் போட்டுக்கொள்கிறார்; துணி நன்றாக இருக்கும்போது புதிது எதற்கு என்பார். காதில் எப்போதும் ஒரு பென்சில். அது காதிலேயே இருக்க, அதைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டும் நாட்களும் உண்டு.

பன்னிரண்டு வருஷமாக மாவட்டக் கட்சித் தலைவர் இவர்தான். தலைவர் என்றதும் மாலை, கார், பின்னால் பத்துப் பேர் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு யாரும் கை தூக்காததால் இவர் தலையில் விழுந்த வேலை அது. கட்சி அலுவலகம் என்பது இவருடைய சமையலறை மேஜை. வாக்காளர் பட்டியல்கள் ரொட்டி டப்பாவின் மேல் இருக்கும். வருகிறவர்களுக்கு வெந்நீரைவிடக் கொஞ்சமே கறுப்பான காபி உறுதி. இந்தத் தடவை ஓட்டே போடப் போவதில்லை என்று முறுக்கிக்கொண்டு வந்த ஒரு பெரிய மனிதரிடம், "அப்ப நவம்பர்ல வீட்டுல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருக்கப் போறியாக்கும்" என்று கேட்டு, அவர் பதில் யோசிப்பதற்குள் கையில் ஒரு பட்டியலைத் திணித்து அனுப்பியவர்.

மேஜையின் எதிர்ப்பக்க நாற்காலி ஆர்லன் கிட்டில்சனுடையது. சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. வெர்னாவைவிட இரண்டு வயது மூத்தவர். வடக்குப் பக்கத்து வீடுகளுக்கு ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டப் போகிற பதினான்கு பேரும் அவர் சொன்னால்தான் கிளம்புவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் சாலை பிரிகிற முக்கில் அவருடைய நிலம். ஆறு ஜனாதிபதித் தேர்தலாகக் கட்சியின் பெரிய பலகை அந்த முக்கில்தான் நிற்கிறது. அதை நடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. வெர்னா கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், ஆர்லன் சம்மட்டியால் அடிப்பார், ஆர்லனின் மனைவி மேவிஸ் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று கையாட்டுவார். பலகை நிமிர்ந்ததும் மூன்று பேரும் வண்டியின் பின்புறம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் தின்பார்கள். ஆகஸ்டில் அந்தப் பலகை எழும்பிவிட்டது என்று தெரிந்தால் மாவட்டத்தில் மற்ற வேலைகளெல்லாம் தானாக நடக்கும்.

இந்த வருஷம் அங்கே வேறு பலகை நிற்கிறது. எதிர்க்கட்சியின் பலகை என்றாலாவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்றுப்போன செனட்டரின் பலகை.

ஜனாதிபதி வேட்பாளர் கவர்னரா, செனட்டரா என்று கட்சி நேர் பாதியாகப் பிளந்த வருஷம் இது. வெர்னா கவர்னர் பக்கம், ஆர்லனும் மேவிஸும் செனட்டர் பக்கம். இந்த ஊரில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி கிடையாது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் எல்லோரும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்கு வந்து, அவரவர் ஆளுக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிறவர் தலையை எண்ணுவார். பக்கத்து வீட்டுக்காரர் எந்த மூலையில் நிற்கிறார் என்று ஊரே பார்க்கும். அப்புறம் நான்கு வருஷத்துக்கு மறக்காது.

அன்றைக்கு எண்ணியவர் வெர்னா. கவர்னர் மூலையில் அறுபத்திரண்டு, செனட்டர் மூலையில் அறுபத்தொன்று. அந்த ஒரு தலையால், கூடத்திலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் போகும் கடைசிப் பிரதிநிதியின் இடம் கவர்னர் பக்கத்துக்குப் போயிற்று. எண்ணிக்கை நடந்தபோது மேவிஸ் மூலையில் இல்லை. வயிற்றில் புற்றுநோய், மருந்து ஏற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் படு என்று டாக்டர் சொல்லியும், என் தலையையும் எண்ணட்டும் என்று பிடிவாதமாக வந்தவர், குமட்டல் தாங்காமல் கழிவறைக்குப் போயிருந்தார். ஆர்லன் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்றார். எண்ணும்போது கூடத்துக்குள் நிற்கிறவர்கள்தான் கணக்கு, சட்டம் சட்டம்தான் என்று வெர்னா சொல்லிவிட்டார். மேவிஸ் உள்ளே இருந்திருந்தால் அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. காசு சுண்டிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மேவிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆர்லன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்முறையீடு செய் என்று அவருடைய ஆட்கள் எவ்வளவோ சொல்லியும் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஏன் என்று ஊருக்குப் புரியவில்லை. மார்ச்சில் உடம்பு சற்றுத் தேறிய ஒரு வாரத்தில் மேவிஸ் ஒட்டுப்பலகை ஒன்றைத் தரையில் கிடத்தி, செனட்டர் பெயரைத் தன் கையாலேயே நீல வர்ணத்தில் எழுதினார். ஆர்லன் அதை முக்கில் நட்டார். ஏப்ரலில் மேவிஸ் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெர்னா வழக்கம்போலக் காபிக் கெண்டியோடு மேஜை மேஜையாகப் போனார். ஆர்லன் இருந்த மேஜைக்கு வந்ததும் அவர் தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வெர்னா அடுத்த கோப்பையில் ஊற்றினார். அன்று அந்தக் கீழ்த்தளத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கட்சிக் கூட்டங்களில் "எல்லாரும் ஏறியாச்சா?" என்று வெர்னா கேட்பதில்லை. மணி அடித்ததும் நேரே விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

ஜூனில் செனட்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு, எல்லோரும் கவர்னருக்கு உழைப்போம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். தொலைக்காட்சியில் சொல்வது சுலபம். இங்கே ஜூலை ஒற்றுமை விருந்துக்கு வெர்னா தொண்ணூறு நாற்காலி போட்டார். விரல் தொடையில் முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது. பதினான்கு பேரில் ஒருவர்கூட வரவில்லை. கேட்டால், ஆர்லன் முக்கில் பலகை மாறட்டும், பார்ப்போம் என்றார்களாம். போன தடவை இந்த மாவட்டம் நூற்றுச் சொச்சம் ஓட்டில் கைநழுவியது. வடக்குப் பக்கம் கதவு தட்ட ஆளில்லாவிட்டால் இந்தத் தடவையும் அதே கதிதான். வெர்னாவுக்கு இது தெரியும். அவருக்குத் தூக்கம் கெட்டது அதனால் மட்டுமல்ல என்பதும் தெரியும்.

ஆகஸ்டில் மாநிலத் தலைமையகத்திலிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். தோற்றவர்களின் பலகைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்கச் சொல்ல வேண்டும் என்றும், அதற்கு எப்படிப் பேச வேண்டும் என்று எழுதியே அனுப்புவதாகவும் சொன்னார்.

"நீ எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார் வெர்னா.

பாஸ்டன் என்றார் அவர்.

"சரி. அந்த முக்கை மட்டும் என்கிட்ட விட்டுடு."

மூன்றாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெர்னா கவர்னர் பெயர் போட்ட புதுப் பலகையையும் இரண்டு கம்பங்களையும் சம்மட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு அந்த முக்குக்குப் போனார். மேவிஸ் எழுதிய பலகை வெயிலில் சற்று வெளுத்திருந்தது. வெர்னா அதைத் தொடவில்லை. பத்தடி தள்ளிப் புல்லில் கம்பங்களைக் கிடத்திவிட்டு, வண்டியின் பின்புறம் ஏறி உட்கார்ந்தார். ஆர்லனின் வீட்டு ஜன்னலிலிருந்து முக்கு நன்றாகத் தெரியும். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. போகிற வருகிற வண்டிக்காரர்கள் விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஆர்லன் சோளத்தின் ஓரமாக நடந்து வந்தார். சட்டை தொளதொளத்துத் தொங்கியது, ஆள் பாதியாகியிருந்தார்.

"என் நிலத்துல என்ன பண்ற?"

"காத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்தப் பலகையை எடுக்க மாட்டேன். அது அவ எழுதினது."

"எடுக்கச் சொல்லி நான் வரல, ஆர்லன். அது நிக்கட்டும். நவம்பர் தாண்டியும் நிக்கட்டும்." வெர்னா வண்டியிலிருந்து இறங்கினார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "அன்னைக்கு அவ கோட்டு நாற்காலி மேல இருந்துச்சு. பச்சைக் கோட்டு. நான் பாத்தேன். அவ எங்க போயிருக்கான்னும் தெரியும், வந்துருவான்னும் தெரியும். தெரிஞ்சுதான் எண்ணினேன்."

ஆர்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சட்டம் அதுதான். ஆனா ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. நாங்க ஜெயிக்கணும்னு இருந்துச்சு எனக்கு. வேற ஒண்ணுமில்ல. முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிள்ளைய விட்டுட்டுப் போனதில்ல. மேவிஸை விட்டுட்டுப் போயிட்டேன்."

தானிய லாரி ஒன்று கடந்து போயிற்று. புழுதி அடங்கும்வரை ஆர்லன் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ராத்திரி கார்ல வீட்டுக்கு வரும்போது கேட்டா," என்றார். "என் தலைய எண்ணினாங்களான்னு."

வெர்னா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எண்ணிட்டாங்கன்னு சொன்னேன். அதான் காகிதத்துல கையெழுத்துப் போடல. போட்டா விசாரணை, பேப்பர்ல வரும், அவ காதுக்குப் போகும். ஊர்ல ஒருத்தரும் அவகிட்ட சொல்லல. உன் ஆளுங்ககூட சொல்லல. எண்ணிட்டாங்கன்னே நெனச்சுக்கிட்டுப் போயிட்டா."

வெர்னா அழுதார். அவர் அழுது இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, ஆர்லனும் பார்க்கவில்லை. அவர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அப்படியே நின்றபடி, சம்மட்டி கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார். வெர்னா வண்டியைக் காட்டினார்.

கம்பம் இறங்க வேண்டிய இடத்தில் வெர்னா கம்பத்தை நிமிர்த்திப் பிடித்தார். ஆர்லன் சம்மட்டியைத் தூக்கப் போனவர், பழக்கத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யாருமில்லை. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து போய், மேவிஸ் நிற்கிற இடத்தில் நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் இடது என்று கையாட்டினார். வெர்னா நகர்த்தினார். இன்னும் கொஞ்சம். நகர்த்தினார்.

திரும்பி வந்து சம்மட்டியை எடுத்தவர் தயங்கினார்.

"தள்ளிக்கோ வெர்னா. ஏப்ரல்லேருந்து எனக்குக் கை நடுங்குது."

"நீ அடி."

"சொன்னா கேளு. பட்டா விரலே போயிடும்."

வெர்னா கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து, முகத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டார். சம்மட்டி மேலே எழும்பியது. அவர் கையை எடுக்கவில்லை.