உடைந்த மூக்குக்கு ஏற்ற மாஸ்க்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். ஒரு நாள் பட்டப்பகலில் கேபினிலேயே தூங்கிவிட்டேன். கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, படுக்கும்போது மூக்கில் மாட்டிக் காற்று செலுத்தும் மெஷின் கொடுத்தார்கள்.

மாட்டினால் மூச்சு முட்டியது. இனி கிரேன் இல்லை என்று முடிவு செய்து, திருப்பிக் கொடுக்கப் போனேன். மனைவியும் வந்தாள்.

"இவரு மூக்காலயா மூச்சு வுடறாரு? சின்ன வயசுல பாக்சிங் ஆடி ஒடச்சிகினாரு சார். ராத்திரி தூங்கசொல்லோ வாய் தொறந்தேதான் கீது," என்றாள் டாக்டரிடம்.

"ஏன் சொல்லலை?" என்றார் டாக்டர் என்னிடம்.

"நீங்க கேக்கல சார்," என்றேன்.

"பேசறதுக்கு மட்டும் அந்த வாயத் தொறக்க மாட்டாரு," என்றாள்.

வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் கொடுத்தார்கள். விடியும்வரை தூங்கினேன். மறுபடி கிரேனில் ஏற்றினார்கள்.

இத்தனை வருஷம் நான் தூங்கியபோதெல்லாம் அவள் விழித்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.